லாரன்ஸுக்கு அடித்த துக்க மணி

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு,

அருப்புக்கோட்டையிலிருந்து அம்மா ஜெயசெல்வி எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் இங்கே நான் உயிரோடு இருக்கிறேன், உன் அப்பா லாரன்ஸும் உயிரோடு இருக்கிறார். அதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டிய வீடாக இந்த வீட்டை நீ ஆக்கிவைத்திருப்பதால் சொல்கிறேன். அங்கே ஐதராபாத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உன் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோபம் வேறு, செபம் வேறு. கையில் போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் கத்துகிறேன், நான் கத்தினால் உன் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். வாட்சப்பில் எழுதலாம் என்றால் அந்தச் சனியனை நான் இனிமேல் தொடுவதாக இல்லை. அதனால் எள்ளுப்பொடி டப்பாவுக்குள் இதை மடித்து வைத்துக் கூரியரில் அனுப்புகிறேன். எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிட்டுப் படி.

முதலில் விஷயம். கடைசி செமஸ்டரை விட்டுவிட்டு ஊருக்கு வந்து கடையைத் தூக்கி நிறுத்தப்போகிறேன் என்று போன வாரம் அப்பாவிடம் சொன்னாயாமே. அவராக என்னிடம் சொல்லவில்லை. இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார், நான் பிடுங்கித்தான் வாங்கினேன். என் பதில் ஒன்றுதான், வராதே. பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்று பெற்றவள் விட்டுக்கொடுத்துச் சொல்கிற வராதே இல்லை இது. நீ உதவியது போதும் தாயே, எங்களை விட்டுவிடு என்று கும்பிட்டுச் சொல்கிற வராதே. நடந்ததெல்லாம் எனக்கும் தெரியும் என்று நீ போனில் வாய் கொடுத்தாய். உனக்குத் தெரிந்தது பாதி. நீ பரீட்சை ஹாலுக்குள் உட்கார்ந்திருந்தாய், மீதிப் பாதியை நான்தான் இங்கே உட்கார்ந்து பார்த்தேன். படிக்கிற பிள்ளை, மனசு உடைந்துபோகும் என்று இத்தனை நாள் மூடி வைத்திருந்தேன். படிப்பையே விடுகிறேன் என்று சொன்ன பிறகு எதற்கு மூட வேண்டும், உடையட்டும்.

நம் கடை சவப்பெட்டிக் கடை. உன் ஹாஸ்டலில் பர்னிச்சர் கடை என்று சொல்லிவைத்திருக்கிறாய், எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. போன லீவுக்குக் கூட வந்த உன் சிநேகிதி அப்பாவிடம் கட்டில் செய்ய எத்தனை நாள் ஆகும் அங்கிள் என்று கேட்டாளே, அவர் சிரித்துக்கொண்டே, நாங்க செய்யிற கட்டில்ல ஒருக்க படுத்தா எந்திரிக்க முடியாதும்மா என்றார். அவள் அதை ஜோக் என்று நினைத்துக்கொண்டாள். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். போகட்டும். அந்தக் கடைக்கு உன் அப்பா வைத்திருந்த முறை உனக்குத் தெரியும். சேதி வராமல் பலகையில் ரம்பம் வைக்க மாட்டார். இழவு வீட்டிலிருந்து இறந்தவரின் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து எடுத்து வருவார்கள், அதைக் கையில் வாங்கிய பிறகுதான் வேலை. வருகிறவரை வாங்க என்று கூப்பிடுவது கிடையாது, போகிறவரைப் போயிட்டு வாங்க என்று அனுப்புவதும் கிடையாது. காலியாக ஒரு பெட்டி கடையில் நின்றால் அது யாரையாவது தேடும் என்பார். பைத்தியக்காரத்தனமாகவே இருக்கட்டும், அந்தப் பைத்தியக்காரத்தனத்தில்தான் நீ டிகிரி வரை படித்தாய். பிறகு புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சின்னச்சாமி கடை போட்டான். பாலிஷ் அடித்த பெட்டி, தங்க நிறக் கைப்பிடி, எந்த நேரம் கேட்டாலும் தயார். நம் கடைக்கு நூல் கொண்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

அப்போதுதான் நீ எம்.பி.ஏ. சேர்ந்தாய். முதல் வருஷப் பாடம் முடியவில்லை, அப்பாவுக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டாய். ரெடி ஸ்டாக் வேண்டும் என்றாய், போட்டோ வேண்டும் என்றாய், மேப்பில் கடை தெரிய வேண்டும் என்றாய். அவர் போனைக் கடையில் சார்ஜில் மாட்டிவிட்டு மறந்துவிடுகிறார் என்று கடை நம்பராக உன் நம்பரையே போட்டாய். வகுப்பில் உட்கார்ந்துகொண்டு பந்தல்குடியில் செத்தவருக்கு எத்தனை அடி என்று கேட்டாய், வாத்தியார் திட்டினால் வராண்டாவுக்கு வந்து கேட்டாய். கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது, நான் பொய் சொல்ல மாட்டேன். பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று, எம் புள்ள ஐதராபாத்துல இருந்துக்கிட்டே கடையப் பாக்குது என்று அவர் பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன். ஒரு காலை அந்த பஸ்ஸிலும் ஒரு காலை இந்த பஸ்ஸிலும் வைத்துக்கொண்டு போகிறாளே, ரெண்டும் கிளம்பினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உனக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும், நிர்வாகம் படித்தது நீதானே.

பொங்கல் லீவில் நீ எடுத்த அந்தப் போட்டோ. ஆறடி ஆளுக்குப் பத்துமா என்று எவனோ கேட்டானாம், ஆறடிக்கு எங்கே போவது, கைக்கு எட்டின ஆறடி உன் அப்பாதான். படுங்கப்பா என்றாய், படுத்தார். அந்த மனுசன் நீ கிணற்றில் குதி என்றாலும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குதிப்பார். தகரக் கூரை ஓட்டை வழியாக வெயில் முகத்தில் அடித்ததால் கண்ணை மூடிக்கொண்டார். கையைத் தொங்கவிட்டால் அளவு தெரியாதப்பா என்று நீ சொன்னதற்கு நெஞ்சு மேல் கட்டிக்கொண்டார். சாப்பாடு கொண்டு வந்த நான் கடை வாசலில் நின்று, ஏ புள்ள, இது நல்லாவா இருக்கு என்று கத்தினேன். நீ சிரித்தாய். அவரும் பெட்டிக்குள் படுத்துக்கொண்டே சிரித்தார், பெட்டி குலுங்கியது. அந்தச் சிரிப்புச் சத்தம் போட்டோவில் விழவில்லை.

அப்புறம் உன் பரீட்சை நாள். ஹாலுக்குள் நுழையப் போகும் அவசரத்தில் மறுபடியும் எவனோ அளவு கேட்டான் என்று அந்தப் படத்தை எடுத்து உன் ஸ்டேட்டஸில் போட்டாய். கீழே கடையின் சிலுவை அடையாளம், அதன் கீழே லாரன்ஸ், அருப்புக்கோட்டை. கடைப் பெயர்தான், நீ கடைப் பெயராக நினைத்துத்தான் போட்டாய், எனக்குத் தெரியும். பெட்டிக்குள் கண் மூடிப் படுத்திருக்கிறவன் பெயரும் அதுதான் என்பது பெற்ற மகளுக்குத் தோன்றவில்லை. போட்டுவிட்டுப் போனை அணைத்து உள்ளே போய்விட்டாய். உன் அப்பா அன்று காலையில் விழுந்த வேப்பமரம் ஒன்றைப் பார்த்து விலை பேச பஸ் ஏறித் திருச்சுழி போயிருந்தார், போன் வழக்கம்போல் பூட்டின கடைக்குள் சார்ஜில் கிடந்தது. ஊரே உனக்கு அடித்தது, அணைந்திருந்தது. ஊரே அவருக்கு அடித்தது, எடுக்க ஆள் இல்லை. இதைவிட வேறென்ன உறுதி வேண்டும் ஊருக்கு.

நான் அப்போது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுத் தங்கலட்சுமி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். அடி செல்வி, மோசம் போயிட்டியேடி என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னாலேயே தெருச் சனம் நுழைந்தது. படத்தைக் காட்டினார்கள். அவர் சட்டை, அந்தக் கட்டம் போட்ட சட்டை, அன்றைக்குக் காலையிலும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனார். திருச்சுழி ரோட்டில் லாரி அடித்துவிட்டது என்று ஒருத்தி சொன்னாள், இல்லை நெஞ்சுவலி என்று இன்னொருத்தி சொன்னாள், பார்த்தவள் மாதிரியே சொன்னாள். காலையில போன மனுசன் அதுக்குள்ள எப்பிடிப் பெட்டிக்குள்ள வந்தாக என்று நான் கேட்டேன், மகளே, அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் மூளை வேலை செய்தது. ஆஸ்பத்திரியிலேயே வச்சுருப்பாக, ஒம் மகதான போட்டுருக்கா, அவ பொய்யா போடுவா என்று வாயை அடைத்தார்கள். என் தலையிலிருந்த பூவை ஒரு கை எடுத்தது. யார் கை என்று இன்று வரை எனக்குத் தெரியாது, தெரிந்தால் அவள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். மூலையில் பாயைப் போட்டு உட்கார வைத்தார்கள். கோயிலில் துக்க மணி அடிக்க ஆரம்பித்தது.

ஏஞ்சலின், நீ அடிக்கடி கேட்கிறாய், நான் வேணும்னேவா செஞ்சேன், எத்தன தடவ மன்னிப்பு கேக்குறது, இன்னும் ஏம்மா எம் மேல ஆறல என்று. இதற்குத்தான். அந்தப் பாயில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க உன் அப்பா செத்துவிட்டார் என்று மட்டும் நான் நம்பவில்லை. அப்பா செத்தது என் மகளுக்கு முதலிலேயே தெரியும், பெற்ற தாய்க்கு ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்குப் படம் போட்டுவிட்டுப் பரீட்சை எழுதப் போய்விட்டாள் என்று நம்பினேன். அப்படி நம்ப எனக்குக் கொஞ்சமும் சிரமமாக இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. உன் பாட்டி இறந்தபோது பெட்டியின் ஜரிகை வேலையைத்தான் நீ முதலில் படம் எடுத்தாய், எனக்கு அது ஞாபகம் வந்தது. சீ, நம் பிள்ளை அப்படிச் செய்யாது என்று என் வயிறு ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும் இல்லையா, சொல்லவே இல்லை. அவர் உயிரோடு வந்துவிட்டார், அது சரியாகிவிட்டது. உன் மேல் அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்ததே, அது இன்னும் திரும்பிப் போகவில்லை.

மிச்சத்தையும் கேள். உன் சித்தப்பா ஜான்ராஜ் வந்தார். அழுதார், பொய்யழுகை என்று சொல்ல மாட்டேன், அண்ணன் மேல் பாசம் உண்டு. ஆனால் அழுத கண்ணோடேயே வேலையைக் கையில் எடுத்தார். பங்குச் சாமியாருக்குச் சொன்னார், கல்லறையில் குழி வெட்டச் சொன்னார், பேண்டுக்குச் சொன்னார். யாரோ ஒரு பெரியவர், பெட்டிக்கு ஏன் அலையணும், செத்தவரு கடையிலயே அவரு கையால செஞ்சது நிக்குதே என்றார். நான் மூலையில் இருந்தேன், என் காதில் விழாது என்று நினைத்திருப்பார்கள். சித்தப்பா சொன்னார், அண்ணஞ் செஞ்ச பெட்டி வேணாம்ணே, ஆணித் தல தெரியும், மெட்ராசுல இருந்து என் சம்பந்தகாரவுக வாராக, பாத்தா என்ன நெனப்பாக, சின்னச்சாமி கடையில சொல்லிட்டேன், ஒசந்ததா ஒண்ணு அனுப்புறேன்னுருக்கான். அங்கே நின்ற ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை. ஆமாமா, அதுவும் சரிதான் என்றார்கள். அத்தனை பேர் வீட்டுப் பிணத்துக்கும் உன் அப்பாதான் பெட்டி செய்தார். அவரவர் வீட்டு இழவில் அந்த ஆணித் தலை எந்த நாயின் கண்ணிலும் படவில்லை.

உன் அப்பா பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று உனக்குத் தெரியும். காதில் பென்சிலோடு வேக வேகமாகக் கோயிலுக்குப் போயிருக்கிறார். மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த உபதேசியாரிடம், யாருண்ணே, ஆளு எத்தன அடி இருப்பாக என்று கேட்டிருக்கிறார். உபதேசியார் கயிற்றை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். ஒன்றும் புரியாமல், சனம் நம் தெருப் பக்கம் போவதைப் பார்த்து இவரும் கூடவே வந்திருக்கிறார். பக்கத்து வீட்டில் யாரோ போய்விட்டார்கள், வேறு கடைக்குச் சொல்வதற்குள் ஆர்டரைப் பிடிக்கலாம் என்ற நினைப்பு. நம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என்னைப் பார்த்தார். செல்வி, யாரு, ஒங்க வீட்டுலயா என்று கேட்டார். நான் எழுந்து போய் அத்தனை பேர் முன்னாலும் அவர் கன்னத்தில் அறைந்தேன். கட்டின நாளிலிருந்து நான் அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னது கிடையாது என்று பெருமை பேசுகிறவள் நான். அறைந்துவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சனம் சிரிக்க ஆரம்பித்தது. முதலில் ஒருத்தன் சிரித்தான், பிறகு எல்லாரும். அவரும் சிரித்தார், பாவம், கன்னத்தைத் தடவிக்கொண்டே. அதோடு முடிந்திருந்தால் ஊருக்கும் நமக்கும் ஆயுசுக்கும் போதுமான சிரிப்பு கிடைத்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து லோடு ஆட்டோ வந்து வாசலில் நின்றது. சின்னச்சாமியே முன்னால் உட்கார்ந்து வந்திருந்தான், மரியாதைக்கு. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். உன் அப்பா இறங்கிப் போய்ப் பெட்டியைப் பார்த்தார். மூடி மேல் லாரன்ஸ் என்று எழுதி, கீழே அன்றைய தேதி போட்டிருந்தது, பெயிண்ட் இன்னும் காயவில்லை. அதைப் பார்த்துக்கூட அவர் முகம் மாறவில்லை. மெதுவாக, யாரு இத வாங்கச் சொன்னது என்று கேட்டார். சித்தப்பா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா தம்பியையும் பார்த்தார், பெட்டியையும் பார்த்தார், விரலால் மூடியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை. ஆணி தேடினார், மகளே. ஒன்றுகூட விரலில் தட்டவில்லை. சின்னச்சாமி கையெடுத்துக் கும்பிட்டு, தெரியாம நடந்துபோச்சு அண்ணாச்சி, நீங்க நூறு வருசம் இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திருப்பி எடுத்துப் போனான். அவன் ஒரு எகத்தாள வார்த்தை பேசியிருந்தால் நான் காலத்துக்கும் அவனைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த நிம்மதியும் இல்லை.

அதற்குப் பிறகுதான் நீ ஹாலை விட்டு வெளியே வந்து போனைப் போட்டாய், கதறினாய், ஸ்டேட்டஸிலிருந்து படத்தை அழித்தாய். உன்னைப் பொறுத்தவரை அத்தோடு சரி. இங்கே அவர் கடைக்குப் போனார், வந்தார். செத்துப் பிழைத்தவன் கையால் பெட்டி வேண்டாம் என்று பாதிப் பேர் வரவில்லை, வந்த பாதிப் பேரைக் கண்டால் இவருக்குக் கை ஓடவில்லை. நீ செய்யச் சொன்ன ரெடி ஸ்டாக் பெட்டிகளில் அடித்த ஆணியையெல்லாம் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாடு கொண்டு போன என்னிடம், தம்பி சொன்னது நெசந்தான் செல்வி, தல தெரியத்தான் செய்யுது என்றார். சித்தப்பா சொன்னதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. எந்த மகராசன் கொண்டுபோய்ச் சேர்த்தானோ.

நீ என்ன செய்தாய்? குற்ற உணர்ச்சியாம். புதுப் பக்கம் ஆரம்பித்தாய், தள்ளுபடி போட்டாய், ராமநாதபுரம் வரைக்கும் ஒவ்வொரு கோயிலுக்கும் போன் போட்டாய், வகுப்புக்குப் போகவில்லை, கடைசியில் ஒரு பேப்பரில் அரியர் வாங்கினாய். இழவுக்குத் தள்ளுபடி கொடுத்த முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். படித்ததும் உருப்படியில்லை, கடையைப் பார்த்ததும் உருப்படியில்லை. இப்போது படிப்பையும் விட்டுவிட்டு முழு நேரமாக வந்து பார்க்கப்போகிறாயாம். அரை நேரம் பார்த்ததற்கே அப்பாவுக்கு மணி அடித்தாய், முழு நேரம் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? உனக்கு வலிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். வலிக்காமல் சொன்ன எதுவும் உன் தலையில் ஏறவில்லை.

வந்து பார்ப்பதற்கு இங்கே கடையும் இல்லை. போன மாதமே சாவியைக் கட்டிடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டோம். பலகையையும் ரம்பத்தையும் வீட்டுப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். கடை இருந்த இடத்தில் ஒரு பையன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், நல்ல கூட்டம். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது, வந்தால் வேலைக்கு ஆள் எடுப்பார்கள், நான் போய்விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது வரும்போது வரட்டும், அதற்கு முன்னால் சின்னச்சாமி நம் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, எங்கிட்ட கை பத்தல அண்ணாச்சி, நீங்க வந்து ஒக்காந்தாப் போதும், ஒங்களுக்கு வேல சொல்ல நான் யாரு என்றான். நான் உள்ளேயிருந்து வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. எம் பிள்ளைக்கு இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கு தம்பி, வாரேன் என்றார். அவ்வளவுதான் பேச்சு. திங்கட்கிழமையிலிருந்து போகிறார். போகிற வழியில்தான் நம் பழைய கடை, நீயே கணக்குப் பண்ணிக்கொள் தினமும் எதைத் தாண்டிப் போகிறார் என்று.

முதல் நாள் அங்கே என்ன வேலை பார்த்தார் தெரியுமா? அந்தப் பெட்டி இன்னும் அங்கேதான் நின்றதாம். பெயருக்கு மேல் சின்னச்சாமி பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறான், ஆனாலும் எழுத்து புடைத்துக்கொண்டு தெரிந்ததால் யாரும் எடுக்கவில்லை. பாவம், இவர் கண்ணில் படக் கூடாது என்று சாக்குப் போட்டு மூடியிருக்கிறான். இவரே சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு, இத நானே தேச்சுர்றேன் என்று உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாராம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது புருவமெல்லாம் தூசி. குளித்துவிட்டு வந்து, நல்ல பெட்டி செல்வி, உள்ளபடியே நல்ல பெட்டி, மூணு நாலு தரம் பாத்துட்டேன், ஒரு ஆணித் தல தெரியல என்றார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாளே அது விற்றுவிட்டதாம், திருச்சுழிப் பக்கம் யாரோ ஒரு நெட்டையான மனுசருக்கு.

இதுதான் உன் கடைசி செமஸ்டர். இதைத்தான் விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்கிறாய். வந்தால் அவர் தேய்த்ததெல்லாம் எதற்கு என்று ஆகிவிடும், அதை மட்டும் நான் பொறுக்க மாட்டேன். பாஸ் பண்ணாமல் இந்த வாசலுக்கு வந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், கதவைத் திறக்க மாட்டேன். அவர் திறப்பார், அது வேறு விஷயம். அரியரை எழுது. முன் வரிசையில் உட்கார். நகம் கடிக்காதே. ஈரத் தலையோடு ஃபேனுக்கு அடியில் படுக்காதே. எள்ளுப்பொடிக்கு நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிக்கொள், அந்த ஊர் எண்ணெயில் குழைத்தால் நன்றாக இருக்காது. இங்கே மழை இல்லை, கம்மாயில் மாடு குடிக்கத் தண்ணீர் இல்லை, தங்கலட்சுமி மகள் சுகப்பிரியாவுக்கு வைகாசியில் கல்யாணம், உன்னைக் கேட்டாள், பரீட்சை என்று சொல்லிவிட்டேன். சித்தப்பா நம் வீட்டுக்கு வருவதில்லை, அப்பாதான் ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே போய்க் காப்பி குடித்துவிட்டு வருகிறார். நான் போவதில்லை.

தேவனும் மாதாவும் உனக்குத் துணை இருக்கட்டும். உன் புத்தி தெளியட்டும், உன் கை எழுதினது விளங்கட்டும். நான் இத்தனை எழுதியதில் ஒரு வார்த்தையைக்கூட அப்பாவிடம் சொல்லாதே, அம்மா பொடி அனுப்பினாள் என்று மட்டும் சொல்.

கடைசியாக ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். மேப்பில் நம் கடைப் பெயரும் உன் நம்பரும் இன்னும் கிடக்கிறதாம். அழித்துவிடச் சொல்லலாம் என்று நான் நினைத்தேன், அப்பா வேண்டாம் என்கிறார், பிள்ள அதையாச்சும் பாத்துக்கிடட்டும் என்கிறார். அதனால் வகுப்பும் பரீட்சையும் இல்லாத நேரத்தில் யாராவது கூப்பிட்டால் எடு. எந்த ஊர் என்று கேள், ஆள் எத்தனை அடி என்று கேள். வாங்க என்று மட்டும் சொல்லிவிடாதே. கேட்டுவிட்டுச் சின்னச்சாமி கடை நம்பரைக் கொடு. அப்பா அங்கேதான் இருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
லா. ஜெயசெல்வி